பழைய பைபர் படகு வாங்குமுன்: கரைப்படகா, மிதப்புப்படகா, கிடப்புப்படகா, இல்லை புதுசே போடலாமா?

‘ஐந்து வருடப் படகு ஒன்று வருகிறது, பத்து வருடப் படகு ஒன்று வருகிறது, எதை எடுக்கலாம்?’ என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இரண்டும் இதுவரை ராத்திரியில் எங்கே கிடந்தன?

பைபர் படகு கெடும் விதத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தக் கிடப்புதான். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை அலை அடிக்கும் திறந்த கரைகளில் தினமும் மணலில் இழுத்து ஏற்றப்படும் படகு ஒரு விதமாகத் தேயும். பாக் நீரிணைப் பக்கம் ஆழமில்லாத அமைதியான தண்ணீரில் நங்கூரத்திலேயே மிதக்கும் படகு வேறு விதமாகக் கெடும். ஓட்டம் நின்று, தோப்பிலோ வீட்டுப் பின்புறமோ வானம் பார்த்துக் கிடந்த படகு மூன்றாவது விதம். இவற்றை முறையே கரைப்படகு, மிதப்புப்படகு, கிடப்புப்படகு என்கிறேன். மூன்றிலும் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு, வாங்கிய பிறகு வரும் செலவும் வேறு. இந்த மூன்றோடு, ‘இவ்வளவு தலைவலிக்குப் புதுசே போட்டுவிடலாமே’ என்ற நான்காவது வழியையும் சேர்த்து இங்கே ஒப்பிடுகிறேன். மனதில் வைத்திருப்பது 18 முதல் 24 அடி வரையிலான சின்னப் படகு.

வயதைக் கேட்பதில் அர்த்தமே இல்லை என்று சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் படகுகளுக்கு ஒரே நேரத்தில் ஏகப்பட்ட தேவை வந்தது. கரையெங்கும் திடீர்ப் பட்டறைகள் முளைத்தன, அவற்றில் அவசரத்தில் போட்ட படகுகளின் தரத்தைப் பற்றி அப்போதே புகார்கள் எழுந்தன. அந்தக் காலத்துக் கூடுகள் பல முறை பெயின்ட் மாறி, பல கை மாறி இன்னும் விலைக்கு வருகின்றன. 2005, 2006இல் போட்டது என்று தெரிந்தால் கீழே சொல்லும் சோதனைகளை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள்.

எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் தகடு. கண்ணாடி நார் விரிப்பான மேட்டும், ரெசின் என்ற பிசினும் சேர்ந்து இறுகிய கூடு அது. ஒரு ரூபாய்ப் பெரிய நாணயத்தாலோ சின்ன பிளாஸ்டிக் சுத்தியலாலோ ஒரு சாண் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கூர்மையாகச் சொல்லும். அடுக்கு பிரிந்த இடம் ‘தொப்’ என்று அமுங்கும். உள்ளே தடுப்போ ஃபோமோ இருக்கும் இடத்திலும் சத்தம் மாறும், அதை வைத்துப் பயப்பட வேண்டாம். படகின் இடப்பக்கம் எப்படிக் கேட்கிறதோ வலப்பக்கம் அதே இடத்திலும் அப்படியே கேட்க வேண்டும். அந்த ஒப்பீடுதான் சோதனை.

விரிசல்களில் எல்லாமே ஆபத்தில்லை. ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகப் பிரிந்தால் அங்கே எதிலோ மோதியிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே கூட்டைத் தாங்கும் சட்டமான ரிப்புக்கு இணையாக நீளமாக ஓடினால், அந்த இடத்தில் தகடு திரும்பத் திரும்ப வளைந்திருக்கிறது. இதுதான் கவலைக்குரியது. எந்த ஒழுங்கும் இல்லாமல் மெல்லிசாகப் பரவியிருந்தால் மேல்பூச்சான ஜெல் கோட்டைத் தடிமனாகப் பூசியதால் வந்ததாக இருக்கலாம், பெரும்பாலும் அழகுக்குத்தான் கேடு. கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பிடிக்க ஒரு வழி: துடைத்த இடத்தில் பேனா மையைத் தடவி உடனே ஈரத் துணியால் துடையுங்கள். விரிசலுக்குள் போன மை மட்டும் நின்றுவிடும்.

இரண்டாவது, இன்ஜின் மாட்டும் பின்பலகை. வெளியே பார்க்கப் பைபர், உள்ளே பெரும்பாலும் பிளைவுட். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளித்தோல் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் இற்றுப்போகும். இன்ஜின் மாட்டியிருந்தால் கீழே நீளும் அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள், வேறொருவர் பின்பலகை படகின் அடித்தட்டோடு சேரும் ஓரத்தைப் பார்க்கட்டும். மயிரிழை அசைவு தெரிந்தாலும் சந்தேகம்தான். போல்ட் வாஷர்கள் தோலுக்குள் அமுங்கியிருந்தால் சந்தேகம் உறுதி. உடைமைக்காரர் சம்மதித்தால் உள்பக்கம் அடியில் 6 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். துரப்பணத்தில் வெளிறிய, உலர்ந்த தூள் வந்தால் நல்லது. வடிகட்டிய டீத்தூள் சக்கை போலக் கறுத்து ஈரமாக வந்து விரலில் ஒட்டினால், பின்பலகையை முழுதாக மாற்றும் செலவை விலையில் கழித்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். துளையை அன்றே எபாக்சிப் பசையால் அடைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. துளை போடவே விடமாட்டேன் என்பவரும் ஒரு பதில் சொல்லிவிட்டார்.

மூன்றாவது எடை. இதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை, எனக்கு இதுதான் நம்பகமான எண். அணியத்திலும் (முன்முனை) அமரத்திலும் (பின்முனை) மூடிய அறைகளுக்குள் மிதப்புக்காக அடைத்த ஃபோம் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் அதைத் திரும்ப வெளியே எடுப்பது பெரும்பாடு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் உறிஞ்சியிருந்தால் இரண்டு ஆட்களை இறக்காமல் எப்போதும் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள், அதற்கும் எரிபொருள் போடுகிறீர்கள், கவிழ்ந்தால் மிதக்க வேண்டிய அறை மிதக்காது. படகை ஏற்றி வரும் வண்டியை வெறுமனே ஒரு முறையும் படகோடு ஒரு முறையும் எடைமேடையில் ஏற்றினால் கணக்கு முடிந்தது. அதே பட்டறையில் போட்ட அதே அளவுப் படகு எவ்வளவு எடை என்று பட்டறையில் கேட்டு ஒப்பிடுங்கள்.

நான்காவது தாள்கள். ஐந்தாவது, வாங்கிய நாளிலிருந்து கடலில் இறங்கும் நாள் வரை ஆகும் மொத்தச் செலவும் காலமும். இன்ஜினை நான் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ‘இன்ஜினோட சேர்த்து’ என்று சொல்லும் விலையில் கூட்டின் குறை ஒளிந்துகொள்ளும். இரண்டுக்கும் தனித்தனி விலை கேளுங்கள்.

| | கரைப்படகு | மிதப்புப்படகு | கிடப்புப்படகு | புதுசு |
|---|---|---|---|---|
| முதலில் கெடுவது | அடிப்பகுதி, ஏரா (அடியின் நடுவே நீளும் முதுகெலும்பு) | ஜெல் கோட், பின்பலகை | ஃபோம், உள்மரம் | பட்டறையைப் பொறுத்தது |
| குறை கண்ணில் படுமா | பெரும்பாலும் படும் | பாதி மறைந்திருக்கும் | பெரும்பாலும் மறைந்திருக்கும் | போடும்போது மட்டும் |
| மறைந்த செலவு | அடித்தட்டு ஒட்டு, ரிப் ஒட்டு | உலர்த்தும் காலம், பின்பலகை | ஃபோம், தாள்கள், இன்ஜின் | காத்திருப்பு, பதிவு, துணைச்சாமான் |
| கடலில் இறங்க ஆகும் காலம் | குறைவு | நடுத்தரம் முதல் அதிகம் | அதிகம் | பட்டறை வரிசையைப் பொறுத்தது |
| யாருக்கு | அன்றாடம் தொழிலுக்குப் போகிறவருக்கு | கழிமுகம், அமைதியான தண்ணீரில் ஓட்டுகிறவருக்கு | கைவேலை தெரிந்தவருக்கு | மானியம் கிடைக்கிறவருக்கு, நீண்ட காலம் வைத்திருப்பவருக்கு |

கரைப்படகு

பார்க்க மோசமாக இருக்கும், உள்ளே பெரும்பாலும் நன்றாக இருக்கும். தினமும் கரையேறுவதால் தகடு உலர்ந்துகொண்டே வருகிறது. தண்ணீர் ஊறி வரும் கொப்புளங்கள் இதில் அபூர்வம். பின்பலகைக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கிறது.

மணல் தின்பது அடியை. ஏராவின் நுனியிலும் பின்பக்க அடியிலும் ஜெல் கோட் போய், வெள்ளையாக நார் தெரிகிறதா என்று படகைச் சாய்த்துப் பாருங்கள். நார் தெரிகிறது என்றால் தேய்மானம் தகட்டுக்குள் போய்விட்டது, அந்த நார் வழியே தண்ணீர் உள்ளே ஏறும். எவ்வளவு தடிமன் மிச்சம் என்று தெரிந்துகொள்ளத் தண்ணீர் வடியும் அடைப்பானைக் கழற்றி, நுனி வளைத்த கம்பி ஒன்றைத் துளைக்குள் விட்டு உள்விளிம்பில் மாட்டி, வெளிவிளிம்பு வரும் இடத்தில் நகத்தால் பிடித்து வெளியே எடுங்கள். அளவுகோலில் வைத்தால் அந்த இடத்துத் தடிமன் வந்துவிடும். வடிகால் துளை இருக்கும் இடத்தைப் பட்டறையில் பெரும்பாலும் கூடுதல் மேட் போட்டுத் தடிப்பாக்கியிருப்பார்கள், அதனால் இதுதான் அதிகபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு இடம் அணியத்தில் கயிறு மாட்டி இழுக்கும் துளை. பத்துப் பேர் தோள் கொடுத்துத் தள்ளிய காலம் போய் டிராக்டர் வைத்து இழுக்கும் கரைகளில் இந்த இடம் படாத பாடு படுகிறது. துளையைச் சுற்றி விரிசல், சப்பை, சமீபத்திய எம்-சீல் ஒட்டு எல்லாம் அதன் அடையாளம்.

அலை அடித்து இறங்கும்போது அடித்தட்டின் முன்பாதி பலமாக வாங்கும். அதனால் உள்ளே குனிந்து ரிப்புகள் தகட்டோடு ஒட்டும் ஓரங்களைப் பார்ப்பது கட்டாயம். ஓரத்தில் நகம் நுழைந்தால் ஒட்டு விட்டுவிட்டது. ஒரு ரிப்பு விட்டிருந்தால் ஒட்டிக்கொள்ளலாம். வரிசையாக மூன்று நான்கு விட்டிருந்தால் அந்தத் தகடு பல காலமாக ஒவ்வொரு அலைக்கும் வளைந்து கொடுத்திருக்கிறது என்று அர்த்தம், அப்படிப்பட்டதை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

மறைந்த செலவு என்று பார்த்தால் அடித்தட்டு வேலைதான், அதைக் கணக்குப் போட முடியும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன் தரும். ஒரு சதுர மீட்டர் இடத்துக்கு ஐந்து அடுக்கு என்றால் மேட் சுமார் 2¼ கிலோ. மேட்டின் எடையைப் போல இரண்டரை மடங்கு ரெசின் என்று வைத்தால் சுமார் 5½ கிலோ. உங்கள் ஊர் விலையில் பெருக்கி, கூலியைச் சேர்த்தால் போதும். ஒட்டு சின்னதாக இருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒழுங்கான ஒட்டுக்குத் தகட்டின் தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சுற்றிலும் சரிவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் தகட்டில் 10 சென்டிமீட்டர் ஓட்டை என்றால், வேலை செய்யும் வட்டம் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் ஆகிவிடும். மேஸ்திரி ஓட்டைக்கு மேல் ஒரு மேட்டை ஒட்டிப் பெயின்ட் அடித்துக் கொடுத்தால் அது மூடி, ஒட்டு இல்லை. விற்பவர் ஏற்கெனவே போட்ட ஒட்டுகளையும் இதே கண்ணால் பாருங்கள். உள்பக்கம் தடவினால் மேடாகத் தட்டுப்படும்.

மிதப்புப்படகு

இது பார்க்க நன்றாக இருக்கும். பாக் நீரிணைப் பக்கத்திலும் துறைமுகத்துக்குள்ளும் கழிமுகங்களிலும் மிதந்தே கிடந்த படகு மணலில் உரசுவதில்லை, அலையிலும் அவ்வளவு அடிபட்டிருக்காது. ரிப்புகள் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். ஆனால் ஜெல் கோட் முழுதாக நீர்த்தடை இல்லை. மாதக்கணக்கில் ஊறினால் தண்ணீர் உள்ளே புகுந்து, முழுதாக இறுகாமல் மிஞ்சிய ரசாயனங்களோடு சேர்ந்து அமிலத்தன்மையான திரவமாகிறது. அது தேங்கி அழுத்தம் ஏறும் இடத்தில் கொப்புளம் கிளம்புகிறது. ஒன்றைக் குத்தினால் வினிகர் வாடை அடிக்கும் திரவம் பீய்ச்சிக்கொண்டு வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு குத்துங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. படகைக் கரையேற்றி நாள் கணக்கில் வெயிலில் வைத்துவிட்டால் கொப்புளங்கள் வற்றித் தட்டையாகிவிடும். ‘உங்களுக்காகவே போன வாரம் ஏத்தி வச்சேன் தம்பி, நல்லாப் பாருங்க’ என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, இன்னொரு நாள் தண்ணீரில் கிடக்கும்போது வருகிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் கண் முன்னே கரையேற்றி, அடியில் ஒட்டி வளர்ந்த கொட்டலசுச் சிப்பிகளைச் சுரண்டி, தண்ணீர் சொட்டும்போதே பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பார்க்க வேண்டும். காலை, மாலைச் சாய்ந்த வெயில் இதற்கு வசதி. உச்சிவெயிலில் எல்லாத் தகடும் மழமழவென்றுதான் தெரியும்.

கொப்புளம் ஒன்றிரண்டு இருந்தால் படகையே ஒதுக்க வேண்டாம். மேல்பூச்சோடு நிற்கிறதா, அடியில் மேட் வரை இறங்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. குத்திய இடத்தைச் சுரண்டிப் பார்த்தால் தெரியும். கெட்டியான தகடு தெரிந்தால் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எபாக்சிப் பூச்சுக் கொடுத்தால் போதும். ஈர நார் தனித்தனியாக உரிந்து வந்தால் வேறு படகு பாருங்கள்.

இங்கே மறைந்த செலவு பணத்தைவிட நாள்தான். உப்புத் தண்ணீர் ஊறிய தகடு லேசில் உலராது, உப்பு இருக்கும் வரை ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீர் விட்டுப் பல முறை கழுவி, வாரக்கணக்கில் நிழலில் காற்றோட்டமாக வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாங்கிவிட்டு மழைக்குள் இதைச் செய்ய நினைப்பது வீண். ஈரத் தகட்டின் மேல் பூசினால் பூச்சுக்கு அடியிலேயே அடுத்த கொப்புளம் தயாராகும். சித்திரை, வைகாசி வெயில் இதற்கு ஏற்ற காலம்தான், ஆனால் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் பழுதுக்கு வந்து நிற்கும், மேஸ்திரிகள் கையில் கிடைக்க மாட்டார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பின்பலகையை இந்தப் படகில் துளையிட்டுப் பார்க்காமல் வாங்கவே கூடாது. நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு போல்ட்டும் ராப்பகலாக ஊறியது.

கிடப்புப்படகு

விலை குறைவு, கதை நீளம். ‘அப்பாவுக்கு அப்புறம் யாரும் ஓட்டலை’, ‘பையன் துபாய் போயிட்டான்’ என்று வரும் படகுகள். பெரும்பாலும் கதை உண்மையாகவே இருக்கும். சிக்கல் கதையில் இல்லை, கிடந்த விதத்தில் இருக்கிறது.

கவிழ்த்து வைத்து ஓலையாவது மூடியிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. நிமிர்ந்தபடி, வடிகால் அடைப்பானைக் கழற்றாமல் விட்டிருந்தால் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் உள்ளே தொட்டி கட்டி நின்றிருக்கும். கடல் தண்ணீர்தான் கெடுக்கும், மழைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர்கள் உண்டு. மரத்தைப் பொறுத்தவரை நேர் எதிர். உப்பு ஓரளவு பூஞ்சையைத் தடுக்கும், நல்ல தண்ணீரில் அந்தத் தடை இல்லை. பின்பலகையும், மரம் வைத்துப் போட்ட ரிப்புகளும், இருக்கைக்குக் கீழே உள்ள தாங்கலும் மழைத் தண்ணீரில்தான் வேகமாக இற்றுப்போகும். ஃபோமும் அப்படித்தான். எடைமேடைச் சோதனை மற்ற படகுகளுக்கு நல்லது, இதற்குக் கட்டாயம்.

கூடவே கோணல். இரண்டு கல், ஒரு தென்னங்கட்டை என்று கிடைத்ததை முட்டுக் கொடுத்து வருடக்கணக்கில் விட்ட கூடு மெல்ல முறுக்கிக்கொள்ளும். அணிய நுனியிலிருந்து பின்பலகை நடுவரை ஒரு நூலை இழுத்துக் கட்டி, இரண்டு பக்க விளிம்பும் நூலிலிருந்து ஒரே தூரத்தில் வருகிறதா என்று நான்கைந்து இடங்களில் அளந்து பாருங்கள். அடிப்பக்கம் ஏராவின் மேல் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தால் முட்டு இருந்த இடத்தில் குழி தெரியும். ஒட்டு வேலையால் ஓட்டையை அடைக்கலாம், கோணலை நிமிர்த்த முடியாது. கோணல் படகு ஒரு பக்கமாகவே இழுக்கும்.

வெயிலில் ஜெல் கோட் வெளுத்து, தொட்டால் கையில் சுண்ணாம்பாக ஒட்டுவதைப் பார்த்து மிரள வேண்டாம், அது தோல் மட்டும்தான். அதற்கு நேர்மாறாக, பல வருடம் கிடந்த படகு திடீரென்று புதுப் பெயின்டில் பளபளத்தால்தான் எனக்கு மிரட்சி. பெயின்டின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றால் ஓர் ஓரத்தில் உள்ளங்கை அளவு தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

யாரும் சொல்லாத ஒரு செலவு கடைசியில் இருக்கிறது. வாங்கிப் பிரித்துப் பார்த்து, இது ஆகாது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? பழைய மரப்படகு விறகுக்காவது ஆகும், இரும்பை எடைக்குப் போடலாம். பைபர் கூட்டை எந்தப் பழைய இரும்புக்கடையும் எடுக்காது. எரித்தால் நச்சுப்புகை. கரைகளில் அநாதையாகக் கிடக்கும் கூடுகளில் பல இப்படி வந்தவைதான்.

சொந்தமாகத் தேய்க்கவும் ஒட்டவும் தெரிந்து, நிழலான இடமும் இருந்து, அவசரமும் இல்லை என்றால் இந்த வகைதான் லாபம். இன்ஜின் ஏற்கெனவே கையில் இருக்கிறது, கூடு மட்டும் வேண்டும் என்பவருக்கும் பொருந்தும். அடுத்த மாதம் தொழிலுக்குப் போக வேண்டியவர் இதன் பக்கம் போகவே வேண்டாம்.

புதுசு

புதுப்படகில் குறை இருக்காது என்ற நம்பிக்கைக்காகவே பலர் புதுசு போடுகிறார்கள். பழைய படகில் குறை வெளியே வந்திருக்கும், புதுப்படகில் இன்னும் வரவில்லை, வித்தியாசம் அவ்வளவே என்று சொல்லும் அளவுக்குப் பட்டறைக்குப் பட்டறை தரம் மாறுகிறது. மேட் ஒரு அடுக்குக் குறைந்தாலும், ரெசினில் மலிவுக்காகச் சுண்ணாம்புத் தூள் கலந்தாலும் ஜெல் கோட்டுக்கு மேலே எதுவும் தெரியாது. உள்ளே எட்டிப் பார்க்கும்போது ரெசின் வாடை மூக்கைத் துளைத்தால் இன்னும் முழுதாக இறுகவில்லை என்று அர்த்தம்.

ஒரு சோதனை இருக்கிறது. வடிகால் துளைக்கோ வேறு எதற்கோ வெட்டி எடுக்கும் வட்டத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். திறந்த வெளியில், புகை மேலே படாதபடி காற்று வரும் பக்கமாக ஒதுங்கி நின்று அதை எரித்தால் ரெசின் போய்விடும், கண்ணாடி நார் அடுக்குகள் மிஞ்சும். ஆறிய பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணலாம். பேசிய அடுக்கு இருக்கிறதா, மேட்டும் நெய்த ரோவிங்கும் (கண்ணாடி நார் இழையில் நெய்த துணி) மாறி மாறி வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். நாரோடு வெள்ளைத் தூள் நிறைய உதிர்ந்தால் கலப்படம். பழைய படகில் பெரிய துளை போட நேர்ந்தாலும் இதையே செய்யலாம். போடும் நாட்களில் ஒரு முறையாவது பட்டறையில் போய் நின்று பார்ப்பது இதைவிட நல்லது.

புதுசுக்கு உள்ள பெரிய அனுகூலம் மானியம். 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரிய மீனவர்களுக்கு மாற்றுப் படகும் வலையும் வாங்க ஓர் அலகுக்கு 5 லட்சம் ரூபாய் என்று வைத்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம் என்று வகுத்தார்கள். பழைய படகை அடுத்தவரிடம் வாங்குவதற்கு இது கிடைக்காது. ஆகவே தகுதி உள்ள ஒருவர் பழைய படகின் விலையைப் புதுப்படகின் முழு விலையோடு ஒப்பிடுவது தப்புக் கணக்கு. மானியம் போக மிச்சத்தோடு ஒப்பிட வேண்டும். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா, வரிசை எவ்வளவு என்று மாவட்ட மீன்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மானியம் வரும் வரை தொழில் இல்லாமல் உட்கார முடியுமா என்பது வேறு கேள்வி. முடியாதவருக்கு நல்ல கரைப்படகுதான் பதில்.

எனக்குக் கொடுத்தால்

திறந்த கரையில் தொழில் செய்கிறவர் என்றால், அடி தேய்ந்து ரிப்பு உறுதியாக இருக்கும் கரைப்படகையே எடுப்பேன். தேய்மானம் கண்ணுக்குத் தெரிகிறது, செலவைக் காகிதத்தில் எழுத முடிகிறது, மேஸ்திரி இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவார். கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் ஓட்ட, பின்பலகை உலர்ந்திருக்கும் மிதப்புப்படகு நல்ல பேரம், அதுவும் கொப்புளத்தைக் காட்டி விலை குறைக்க முடிந்தால். கிடப்புப்படகை எடைச்சீட்டு கையில் இல்லாமல் தொட மாட்டேன்.

இன்ஜினைப் பற்றி ஒரே பத்தி. குளிர்ந்த நிலையில் உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்ய வேண்டும், நீங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால் தொட்டுப் பார்த்தாலே தெரியும். அவுட்போர்டு (பின்பலகையில் வெளியே தொங்கும் இன்ஜின்) என்றால் குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் ஒழுங்காகப் பீய்ச்சுகிறதா, கியர் எண்ணெய் பால்நிறமாக இருக்கிறதா என்று பாருங்கள். பால்நிறம் என்றால் சீல் போய்த் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தால் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. நீண்ட வால் டீசல் இன்ஜின் மாட்டிய படகில், அது உட்கார்ந்திருக்கும் இடத்து போல்ட்டுகளைச் சுற்றி அதிர்வால் வந்த விரிசலைத் தேடுங்கள்.

பிறகு கடலில் ஒரு மணி நேரம். இறங்குமுன் உள்ளே துணியால் உலரத் துடைத்துவிடுங்கள். முழு வேகத்தில் அலைக்கு நேராக ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை ஓட்டச் சொல்லி, அடித்தட்டில் உள்ளங்கையை வைத்து உட்காருங்கள். தகடு கைக்குக் கீழே உள்ளே வெளியே போய் வந்தால் அது வளைகிறது. திரும்பி வந்ததும் அடியில் எவ்வளவு தண்ணீர், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்க்கலாம்.

தாள்கள்

தமிழ்நாட்டில் மீன்பிடிப் படகுக்குப் பதிவு வேண்டும், உரிமம் வேண்டும். இவற்றை ரியல்கிராஃப்ட் என்ற தேசிய இணையதளம் வழியாக மீன்துறை செய்கிறது. பதிவு இல்லாத படகுக்கு மானிய மண்ணெண்ணெயும் வரிவிலக்கு டீசலும் கிடையாது. ஆகவே பதிவில்லாத மலிவுப் படகின் விலையோடு அந்த எரிபொருள் வித்தியாசத்தையும் கூட்டிப் பாருங்கள், மலிவு காணாமல் போகும்.

பதிவுச் சான்று விற்பவர் பெயரில் இருக்கிறதா, கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ படகின் மேல் கடன் இருக்கிறதா, மானியத்தில் வாங்கியதாக இருந்தால் இப்போது கைமாற்ற அனுமதி உண்டா என்ற மூன்றையும் மீன்துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். சோழமண்டலக் கரையில் பல ஊர்களில் வெளியூர்ப் படகு வருவதை ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் இறக்க வேண்டும், அதையும் முன்னாலேயே பேசிவிடுவது நல்லது. படகில் எழுதிய பதிவு எண், இன்ஜினில் அடித்த எண், ரசீதில் உள்ள எண் இவை மூன்றையும் உங்கள் கண்ணால் ஒப்பிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள். பின்பலகைத் துளையும் எடைச்சீட்டும் பாக்கி இருந்தால், அவை சரியாக வராவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.